மஞ்சள் பூசிய அறை

"போர்டுக்குக் குடுத்த படத்தைத் திருப்பி வாங்கணும் சார். அதுல ஒரு அறை தப்பு."

அவள் உட்காராமலேயே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே, படம் போடும் அக்கா அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காதில் போட்டுவைத்த விஷயம் இது. லீவு கேள், சம்பள உயர்வு கேள், சாரின் நாற்காலியையே வேண்டுமானாலும் கேள். கையெழுத்துப் போட்டு வெளியே போன படத்தை மட்டும் திருப்பிக் கேட்காதே. பழைய வீடுகளை அளந்து படம் போட்டுக் கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. எந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும், அந்த வீட்டில் எந்தச் சுவரில் கைவைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று பழங்கட்டடப் பாதுகாப்பு போர்டுக்கு எடுத்துச் சொல்கிற வாய் அது. ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொன்ன வாயை அப்புறம் யார் நம்புவார்கள்?

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

"எந்த அறை?"

"பின்கட்டு அறை. படத்துல மஞ்சள் அடிச்சிருக்கேன். சிவப்பா இருக்கணும்."

இந்த வர்ணக் கணக்கு அந்த வேலையில் எல்லோருக்கும் பொது. வீடு கட்டிய நாளில் எழுந்த சுவருக்குச் சிவப்பு. பிற்பாடு சேர்ந்தாலும் மதிப்புள்ளது என்றால் நீலம். நேற்று முந்தாநாள் ஒட்டவைத்தது, இருந்தாலும் போனாலும் ஒன்று என்றால் மஞ்சள். மஞ்சள் என்பது இடித்துக்கொள் என்று நாகரிகமாகச் சொல்வது.

வீடு ஊரறிந்த வீடு. தெருவைப் பார்த்த முகம் மூன்று ஜன்னல் அகலம்தான். உயரமோ நான்கு அடுக்கு. இருபுறமும் பக்கத்து வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணி வியாபாரத்தில் கொழுத்த ஒருவன் கட்டியது. முகத்துக்கு நல்ல செங்கல் வாங்கியிருந்தான்: ஒரே நிறம், ஒரே அளவு, ஒரு கல் நீளவாக்கில், அடுத்தது தலையை மட்டும் காட்டி, நடுவில் கத்தி முனை போல் மெல்லிய சுண்ணாம்புக் கோடு. ஜன்னல்களுக்கு மேலே கல்லை ஆப்பு வடிவத்தில் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்திருந்தார்கள். ஒரு நூல்கூட உள்ளே போகாது. முதுகுக்கு வந்தபோது கையைச் சுருக்கிக்கொண்டான். கருகியது, கோணியது, சரியாக வேகாதது எல்லாம் அங்கே போயிற்று. விருந்தாளி முன்வாசல் வழியாகத்தானே வரப்போகிறான். உள்ளே மாடி ஏற ஏறக் கூரை தாழ்ந்துகொண்டே போகும். விருந்தாளி உட்காரும் தளத்தில் யானையைக் கட்டலாம். வேலையாட்கள் படுத்த உச்சித் தளத்தில் நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். யார் எவ்வளவு உயரம் என்பதில் அந்த வியாபாரிக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பின் முற்றத்தில், வீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓர் ஒற்றை அறை. தகரக் கூரை. வெளிச்சுவர் முழுக்க யாரோ என்றோ அப்பிய சிமெண்டு. பார்த்த மாத்திரத்தில் ஒட்டுவேலை என்றுதான் எவரும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் எழுதினாள்: பிற்காலச் சேர்க்கை, மதிப்பற்றது.

அந்த அறையில்தான் அவள் வளர்ந்தாள்.

இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்தபோது ஹாஸ்டல் முகவரி கொடுத்தாள். அம்மா என்ன செய்கிறார்கள் என்று அக்கா கேட்டபோது, "வீட்டைப் பாத்துக்கறாங்க" என்றாள். பொய் இல்லை. யாருடைய வீட்டை என்று அக்கா கேட்கவில்லை. அப்பா போன பிறகு, கைக்குழந்தையோடு வந்த அம்மாவுக்கு அந்த வீட்டுக்காரம்மா பின்னறையைக் கொடுத்தார். அம்மா நான்கு அடுக்கையும் பெருக்கித் துடைத்தாள். முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் மகள் வந்தால், விருந்தாளிகள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். மாடிப்படியின் கைப்பிடி வளைவை அவள் முதலில் பார்த்தது துடைக்கும் துணியோடுதான். கட்டடக் கலை படிக்க வேண்டும் என்று தோன்றியதும் அங்கேதான். வீட்டை அடுத்தவருக்கு விற்றபோது அந்தம்மா பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்: அந்த அறை நிற்கும்வரை அம்மா அதில் இருக்கலாம். புதிய சொந்தக்காரர் கண் டாக்டர். மரியாதையான மனிதர். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கீழ்த்தளத்தில் மருத்துவமனை, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட காத்திருப்புக் கூடம் என்று அவருக்கு ஓர் ஆசை. அறை நிற்கும்வரைதானே. அறை இல்லாவிட்டால்?

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்ன ஆதாரம்?"

"உள்ள ஒரு மூலையில பூச்சு இல்ல சார். வீட்டுச் சுவரும் அறைச் சுவரும் சேர்ற இடம். கல்லு கோத்திருக்கு."

ஒரே கையால் ஒரே காலத்தில் எழுப்பிய இரண்டு சுவர்கள் சேருமிடத்தில் கல்லும் கல்லும் விரல் கோத்ததுபோல் மாறி மாறி நுழைந்திருக்கும். பிற்பாடு ஒட்டிய சுவர் என்றால் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி ஒரு கீறல் ஓடும். சிமெண்டு எதை மூடினாலும் இதை மாற்ற முடியாது. சாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அன்னைக்கு நீ உள்ள போகலையே டேப்பு."

டேப்பு என்பது அலுவலகத்தில் அவள் பெயர். இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்கும்.

"போகல சார்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அளக்கப் போன அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லாத வேளையே கிடையாது. தலையில் மஞ்சள் தொப்பியோடு சாருக்குப் பின்னால் முற்றத்துக்கு வந்தாள். அம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் வருவது அம்மாவுக்குத் தெரியாது. முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே திருப்பி, "வாங்க மேடம், உள்ள வந்து பாத்துக்கங்க" என்றாள். கதவையும் விரியத் திறந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில் அவள் பட்டம் வாங்கிய போட்டோ. கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. அதற்கு ஒரு கை தள்ளி அந்த மூலை. சின்ன வயதில் அந்தக் கல் சந்துகளில் மிட்டாய்க் காகிதம் மடித்துச் செருகி வைத்திருக்கிறாள். எந்தக் கல்லுக்குள் எந்தக் கல் நுழைந்திருக்கிறது என்று அவள் விரலுக்கே தெரியும்.

"வேண்டாம், வெளிய இருந்தே போதும்" என்றாள், அம்மாவிடம். அம்மா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று சாயங்காலம் அவள் தன் கையால் அந்த அறைக்கு மஞ்சள் அடித்தாள். யாரும் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை.

நேற்று அக்காவின் மேசையில் டாக்டரின் இடிப்புத் திட்டம் வந்து கிடந்தது. "உன் மஞ்சள் நல்லா வேலை செஞ்சிருக்கு டேப்பு, ஆள் ஒரு கேள்வி கேக்கல, அப்படியே இடிக்கக் கேட்டுட்டான்" என்று அக்கா சிரித்தாள். போர்டு நாளை கூடுகிறது. அம்மா இதுபற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

சார் டைரியைப் புரட்டினார். "சரி. நாளைக்குக் காலைல போர்டுக்கு முன்னாடி போய்ப் பாப்போம். கல்லு கோத்திருந்தா நானே படத்தைத் திருப்பி வாங்குறேன். இல்லன்னா இதைப் பத்தி நீ மறுபடி வாயே திறக்கக் கூடாது."

அவளுக்கு உயிர் வந்தது. கல் பேசிக்கொள்ளும்; தான் பேச வேண்டியிருக்காது. இப்படித்தான் நினைத்தாள். நினைத்ததற்கு அப்புறம் வெட்கப்பட்டாள் என்றாலும், நினைத்தது நினைத்ததுதான்.

சாயங்காலம் அம்மாவிடம் போனாள்.

"மேடம் வந்திருக்காங்க" என்றாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே. வருஷம் ஒன்றாகிறது, இந்தக் கிண்டலை அம்மா விடவில்லை. அதில் கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அம்மா திருப்பிக் கேட்டாள். டாக்டர் நல்ல விதமாகத்தான் சொன்னாராம், அவசரமே இல்லை, இடம் பார்த்துக்கொண்டு போங்கள் என்று. சந்தைக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறாளாம். ஜன்னல் கிடையாது, ஆனால் தண்ணீர் வருமாம். ஜன்னல் இல்லாவிட்டால் கொசுவும் வராதே என்று சிரித்தாள்.

நாளைக் காலை சார் வருவதை மகள் சொன்னாள். மூலையைப் பார்ப்பார், பார்த்தால் அறையை இடிக்க விடமாட்டார்கள், நீ எங்கேயும் போக வேண்டாம். எல்லாம் சொன்னாள். பேசப் பேசக் கண் மட்டும் எதிர்ச்சுவருக்குப் போய்ப் போய் வந்தது. அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"போட்டோவைக் கழட்டி வெச்சுர்றேன். அதுக்கு ஏண்டி மென்னு முழுங்கற."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். "சரிம்மா" என்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா. "அந்த மூலை இப்படி இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்னு அவர் கேக்க மாட்டாரா?"

"கல்லைப் பாத்தா அப்புறம் கேக்க மாட்டார்."

அம்மா மூலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சாப்பிடச் சொன்னாள். அவள் சாப்பிடவில்லை.

காலையில் சாரும் அவளும் போனபோது டாக்டரே முன்வாசலைத் திறந்தார். வாங்க, வாங்க என்றார். நல்ல ஷூவும் இஸ்திரி போட்ட சட்டையுமாக அவரும் பின்னால் வந்தார். முன்கூடத்தின் கறுப்பு வெள்ளைத் தளக்கற்களைத் தாண்டி, படிக்கட்டின் அடிவழியாக, முற்றத்துக்கு. அம்மா கதவருகில் நின்றாள்.

"வாங்க சார். வாங்க மேடம்."

போட்டோ இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று. அதற்கு ஒரு கை தள்ளி மூலை. மூலை முழுக்க இன்னும் காயாத சிமெண்டு.

அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு அம்மாவின் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் சாம்பல் நிறம். பக்கத்துத் தெருவில் எங்கோ வேலை நடக்கிற இடத்தில் மிச்சச் சிமெண்டு கேட்டு வாங்கிக் குழைத்திருக்கிறாள். கரண்டியால் பூசியிருக்கிறாள், கரண்டியின் முதுகுத்தடம் வரிவரியாகத் தெரிந்தது. பழைய செங்கல்லுக்குச் சிமெண்டு எமன் என்று மகள் எத்தனையோ அறிக்கையில் எழுதியிருக்கிறாள். அம்மா அதைப் படித்ததில்லை. கல் கண்ணில் படாவிட்டால் மகளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டிருக்கிறாள்.

சார் குனிந்து மூலையைப் பார்த்தார். விரலால் தொட்டார். விரலில் ஈரம் ஒட்டியது.

"இது எப்ப பூசுனதும்மா?"

"ரொம்ப நாளாச்சுங்க" என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல்.

சார் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். ஈரம் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததை மடித்துக் கைக்குட்டையோடு பைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்த்தாயிற்று அல்லவா, போர்டுக்கு நேரமாகிறது என்று பணிவாக ஞாபகப்படுத்தினார்.

"போலாமா டேப்பு?" என்றார் சார்.

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. சாரைப் பார்த்து, மேடத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கட்டுமா, வெயிலில் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். மூன்று பேருமே அவள் வாயை மூடிக்கொள்ள வசதி செய்து கொடுத்தார்கள். அவள் செய்ய வேண்டியதெல்லாம் திரும்பி நடப்பது ஒன்றுதான். போன தடவை அதைத்தான் செய்தாள். எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதும் நினைவிருந்தது.

"இவங்க எங்க அம்மா சார்."

அம்மா, "மேடம் ஏதோ விளையாடுறாங்க" என்றாள். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

அவள் பாத்திரத் தட்டிலிருந்து தோசைக் கரண்டி போன்ற தட்டைக் கரண்டியை எடுத்தாள். மூலைக்குப் போனாள். சிமெண்டு நிறையவும் மணல் குறைவாகவும் தண்ணீர் கண்டமேனிக்கும் கலந்த பூச்சு. பழைய சுவரைப் பிடித்துக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை அதற்கு. சுரண்டச் சுரண்டத் தட்டுத்தட்டாகக் கழன்றது. அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்டி, விட்டுரு" என்றாள். அம்மா இரவெல்லாம் பூசியதை அவள் உதிர்த்துக்கொண்டே போனாள். உள்ளே கருகல் கல்லும் வேகாத கல்லும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வந்தன. வீட்டுச் சுவரின் கல் அறைச் சுவருக்குள், அறைச் சுவரின் கல் வீட்டுச் சுவருக்குள். கீறல் இல்லை. அந்தத் துணி வியாபாரியின் பாத்திரங்களைக் கழுவி, துணிகளைத் துவைத்த அறை. வீடு பிறந்தபோதே கூடப் பிறந்தது.

சார் குனிந்து ஒவ்வொரு கல்லாக விரல் ஓட்டிப் பார்த்தார். பிறகு அவளை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

கல் உண்மைதான் என்றார். பூச்சு உதிர்ந்ததில் தற்செயலாகத் தெரியவந்தது என்று தான் போர்டில் சொல்லிக்கொள்வதாகவும், அவள் வர வேண்டாம், அம்மா பேச்சே எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அலுவலகத்தின் பெயரும் தப்பும், அவள் வேலையும் தப்பும்.

டாக்டர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மன்னிக்கணும் சார். அம்மா குடியிருக்கற ரூமை, அளந்த பொண்ணே ராத்திரியோட ராத்திரியா பூசிச் சுரண்டி, பழசுன்னு காட்டுறாங்க. நானும் போர்டுல நாலு வார்த்தை சொல்லுவேன்ல? யாரை நம்புவாங்க?"

டாக்டர் சொன்னது நியாயம். அம்மாவுக்காகப் பொய் சொல்லும் மகளை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவள் சொன்ன பொய் அது இல்லையே. அம்மாவின் கூரைக்கு எதிராக அவள் சொன்ன பொய் ஏற்கெனவே கையெழுத்தோடு போர்டின் மேசையில் கிடக்கிறது. தன் தாய் இருக்கும் அறையை இடிக்கச் சொல்லி எந்த மகளும் ஆதாயத்துக்காக எழுத மாட்டாள். ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். அதற்கான பதில் ஒன்றுதான் இந்த அறையைக் காப்பாற்றும். அந்தப் பதிலை அத்தனை பேர் முன்னால், அம்மா காதுபட இல்லாவிட்டாலும், அம்மாவுக்கு எட்டும்படி அவள்தான் சொல்ல வேண்டும். துடைப்பத்தோடு நின்றவளை அம்மா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அதைவிட நீளமாக அதில் ஒன்றும் இல்லை.

"வெட்கப்பட்டுக்கிட்டு உள்ள போகலன்னு சொல்லப்போறேன் சார்" என்றாள்.

"சொன்னா அப்புறம் எந்தப் படத்துலயும் நீ கையெழுத்துப் போட முடியாது. என்கிட்ட மட்டும் இல்ல. எங்கயும்." சார் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

"தெரியும் சார்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தாண்டி மேடம்னு கூப்பிட்டேன். நீயா கூப்பிடச் சொன்ன? எனக்கு ஒரு மூலை எங்கயும் கிடைக்கும். நாலு அடுக்குப் படியைத் துடைச்சு உன்னைப் படிக்க வெச்சது இதுக்கா?"

அம்மா கேட்டது சரி. படிக்கவைத்ததையும் சேர்த்துத்தான் இப்போது கொண்டுபோய்க் கொட்டப் போகிறாள். ஒரு தப்பைச் சரிசெய்ய இன்னொன்றைச் செய்வதுபோலத்தான் இருந்தது. எந்தப் பக்கம் நின்றாலும் அம்மாவிடமிருந்தே எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒட்டிய சிமெண்டைப் பேண்டில் துடைத்தாள். போகவில்லை.

"சாயங்காலம் வர்றேம்மா" என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சார் வண்டியில் ஏறச் சொன்னார். வழியில் இன்னொரு தடவை யோசிக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நடந்தே வருகிறேன் என்றாள். போர்டு ஆபீஸ் தூரமில்லை. முன்கூடத்தின் தளக்கற்களில் அவள் பூட்ஸ் சிமெண்டுத் தூளைச் சிந்திக்கொண்டே போயிற்று. டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் கதவைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தாள்.